ஆபத்துக்குப் போட்ட வட்டி

கண்டியில் ஒரு வங்கியில் கடன் பகுதியைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. நம் முகத்தைப் பார்க்கமாட்டார். மேசைக் கண்ணாடிக்கடியில், அரசாங்கம் கடன் வாங்கும் பத்திரமான திறைசேரி உண்டியலின் வட்டியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருப்பார். அதைக் கோடு போடும் அடிமட்டத்தால் தட்டிக்கொண்டே பேசுவார்.

தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் என் துணிக்கடையை எரித்துவிட்டார்கள். மறுபடி திறக்க மூன்று வருடக் கடன் கேட்டுப் போனேன். முன்பு வாங்கிய கடனைவிட நூற்றுக்கு நான்கு வீதம் கூட்டி எழுதினார்.

“ஏங்க ஐயா இவ்வளவு? நான் ஒரு தவணைகூட தவறினதில்லையே.”

“ஓம், தவறேல்லை. ஆனா இந்தப் பேப்பர்த் துண்டில இருக்கிற வட்டி அரசாங்கத்துக்குக் குடுக்கிற கடனுக்கு. அதில ஆபத்தில்லை. மற்ற ஆக்களுக்கு ஆபத்தைப் பாத்து மேல போடவேணும். ஒரு வருசக் கடனெண்டா குறைப்பன். மூண்டு வருசத்துக்குள்ள உங்கட கடை திரும்ப எரியாதெண்டு எழுதித் தருவீங்களோ?”

“எரியிறப்போ பார்த்துக்கிட்டு நின்னது அந்த அரசாங்கம்தானே? அதுக்கு ஆபத்தில்ல, எனக்குத்தான் ஆபத்தா?”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

கையெழுத்துப் போட்டேன். கடையைத் திறக்க வேறு வழியில்லை.

அதே கலவரத்தில் அம்பிட்டியவில் அவருடைய வீடும் எரிந்ததென்று வாசலில் காவலாளி சொன்னான். வங்கி தன் ஊழியருக்குக் கொடுக்கும் கடனில் வீட்டைத் திரும்பக் கட்டுகிறாராம், எனக்குப் போட்டதில் பாதி வட்டிக்கு. அவருடைய வீடு மட்டும் இனி எரியாதென்று வங்கி நம்பியிருக்கிறது. அந்த மனிதர் அதை நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.