ஒருமுறை மட்டும் தட்டிய கதவு

அக்கா கதவைத் தட்டினால் திறக்கும்வரை தட்டுவார். சிட்னியின் மெரிலேண்ட்ஸில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். மணியை அடிப்பார், தட்டுவார், ஜன்னல் பக்கம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிறகு தொலைபேசியில் அழைப்பார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து திறந்த கதைகளைச் சொல்லி நாங்கள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். காரணத்தை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லிவிட விரும்புகிறேன். அது நடந்த இடத்தில் நானும் நின்றேன்.

அக்கா யாழ்ப்பாணத்தில், வலிகாமத்தின் வடக்கே பிறந்தார். எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளை, நான் இளையவள். அவர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் போர் வர, எங்களை ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். இரண்டு நாளில் திரும்பி வரலாம், மாற்றுடுப்பு மட்டும் போதும் என்றார்கள். அப்பா நம்பினார். பல வருடங்கள் கழித்துப் பார்க்க விட்டபோது வீடு நின்ற இடம் வெறும் தரையாக இருந்தது. எது குசினி, எது சாமியறை என்று அம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. “போங்கோ” என்று ஒருவர் சொன்னால் அதற்குள் என்ன இருக்கும் என்பது அக்காவுக்கு அந்த வயதிலேயே தெரிந்துவிட்டது.

இடம்பெயர்ந்த வீடுகளில் இருந்து படித்தே அக்கா பொறியியலாளர் ஆனார். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவர்கள் அவரைத் தென்சீனக் கரையோர நகரம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். நிலத்துக்குள் ஆழமாகத் தோண்டும்போது சுற்றியுள்ள மண்ணும் கட்டடங்களும் அசைகின்றனவா என்று கருவிகள் வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. அத்தான் அப்போது சிட்னிக்கு முன்னதாகப் போய்விட்டார். விசா வரும்வரை அக்காவின் மகள் மதுராவைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே போனேன். மதுராவுக்கு மூன்று வயது.

நாங்கள் வாடகைக்கு இருந்த இடம் முன்பு கிராமமாக இருந்ததாம். மீன் வளர்க்கும் குளங்களும் லிச்சித் தோட்டங்களும் இருந்த நிலத்தை நகரம் மண் கொட்டி மூடி எடுத்துக்கொண்டது. குளங்களை இழந்தவர்கள் மிஞ்சிய வீட்டு நிலத்தில் மாடிக்குமேல் மாடியாக எழுப்பி, வேலை தேடி வந்தவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். நெருக்கமென்றால், எங்கள் ஜன்னலால் கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையைத் தொடலாம். எங்கள் வீட்டுக்காரி மெய் என்ற விதவை. மதுரா அவரை “மெய் அன்ரி” என்று கூப்பிட, நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

நான் போனபோதே அந்தக் கிராமத்தையும் இடிக்க முடிவு செய்திருந்தார்கள். சுவர்களில் சிவப்புச் சாயத்தால் ஒற்றை எழுத்து ஒன்றை வட்டத்துக்குள் எழுதியிருந்தார்கள். இடி என்று பொருளாம். பாதி வீடுகள் ஏற்கனவே விழுந்துவிட்டன. பேசப்பட்ட இழப்பீடு சரியில்லை என்று மெய் அன்ரியும் இன்னும் சிலரும் வீட்டை விட்டு எழும்ப மறுத்தார்கள். அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் நின்றது. தெரு முனையில் முன்பின் தெரியாத ஆண்கள் கதிரை போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்தபடி இருந்தார்கள். கட்டடம் விழப்போகுது, உடனே வெளியேறுங்கள் என்று ஒருவன் வந்து கத்திவிட்டுப் போனான். அவன் சொன்னது பொய். அக்கா தானே சுற்றிப் பார்த்துவிட்டு, “சும்மா வெருட்டுறாங்கள்” என்றார்.

சில வாரங்களில் அது பொய்யில்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கும் அதன்மேல் வரவிருந்த கோபுரங்களுக்குமாகப் பெரிய பள்ளம் தோண்டினார்கள். அக்காவின் நிறுவனம் வேலை செய்த பள்ளமும் அதுதான். உள்ளே ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைத்தார்கள். தண்ணீர் இழுபட, பழைய குளத்து மண்ணும் இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் மதியம் அக்கா வழக்கமில்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்தார். சோற்றைப் போட்டு வைத்தேன். கை வைக்கவில்லை.

“இந்த வீடு இறங்குது,” என்றார்.

“எங்கை இறங்குது?”

“பள்ளத்துப் பக்கம். முந்தி கொஞ்சம் கொஞ்சமா. இப்ப கெதியா.”

“உங்கடை பெரியவரிட்டைச் சொன்னனீங்களே?”

“சொன்னனான். தண்ணி இறைக்கிறதை நிப்பாட்டுங்கோ எண்டு கேட்டனான். அதை நிப்பாட்டேலாதாம். ஆனால் நல்ல செய்தியாம். இதைக் காட்டி ஆக்களை உடனை எழுப்பலாமாம்.”

அக்கா பயந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். தான் கண்டுபிடித்ததை வைத்தே இந்த மக்களைத் தெருவில் விடப்போகிறார்கள் என்பது ஒரு பயம். வாயைத் திறக்காவிட்டால் அவர்கள் தலையில் கட்டடம் விழும் என்பது மற்றப் பயம். எங்கள் குழந்தையும் அதே கூரைக்குக் கீழேதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அக்கா கீழே போய் மெய் அன்ரியிடம் சொன்னார். நானும் கூடப் போனேன். அவர்கள் பேசியதை அக்கா பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்.

“நீயுமா?” என்று மெய் அன்ரி கேட்டாராம். “போன மாதம் அவன் சொன்னதைத்தான் இப்ப நீயும் சொல்லுறாய். உனக்குச் சம்பளம் தாறது ஆர்?”

மெய் அன்ரி வெங்காயத்தாள் நறுக்குவதை நிறுத்தவேயில்லை.

அன்றிரவு நாங்கள் மூவரும் ஒரு விடுதிக்குப் போனோம். அங்கேயே இருந்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். விடிந்ததும் அக்கா திரும்பிப் போனார். தனியே விட மனமில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மழை தூறியது. படிக்கட்டில் ஏறும்போது ஓரிடத்தில் தரையோடு சேர்ந்த சுவர் டக்கென்று பிளந்தது. பிறகு மேல்மாடியில் எங்கோ ஒரு டக். பல்லி சொல்வதைப்போல அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அக்கா என்னைக் குழந்தையோடு வெளியே அனுப்பிவிட்டு மெய் அன்ரியிடம் போனார்.

இந்தமுறை வேறு விதமாகக் கேட்டாராம். “அன்ரி, வெளிக்கிட்டால் உங்களுக்கு என்ன பயம்?”

“தெருவைத் தாண்டினனெண்டால் நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ளை மிசினைக் கொண்டுவந்து இடிச்சுப் போடுவாங்கள்.”

“அப்ப தெருவைத் தாண்ட வேண்டாம். முன்னுக்கு இடிச்சுக் கிடக்கிற காணியிலை வந்து இருங்கோ. வீட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கோ. எனக்குத் தெரியும், எங்களையும் இப்பிடித்தான் எழுப்பினவங்கள். நானும் உங்களோடை இருக்கிறன்.”

மெய் அன்ரி நெடுநேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தாராம். பிறகு சோறு அவிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அவர் வந்ததைக் கண்டு மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். இடிந்த செங்கற்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிப் பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டார்கள். வாடகைக்கு இருந்தவர்களைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. இழப்பீட்டிலும் அவர்களுக்குப் பங்கில்லை. அக்காதான் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சிலர் திட்டினார்கள். சிலர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பகலில் பெரும்பாலானோர் வேலைக்குப் போயிருப்பார்கள். ஐந்தாம் மாடியில் ஒரு கதவைத் தட்டினார், சத்தமில்லை. ஆளில்லை என்று நினைத்து அடுத்த கதவுக்குப் போனார்.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று நாங்கள் நம்பியிருந்த வேளையில், தெரு முனையில் இருந்த ஆண்களில் இருவர் பின் ஒழுங்கைக்குள் போவதை மெய் அன்ரி கண்டுவிட்டார். பூட்டை உடைக்கப் போகிறார்கள் என்று பதறி, ஒருவரும் தடுக்குமுன் வீட்டுக்குள் ஓடினார். அக்கா அவருக்குப் பின்னால் ஓடினார்.

குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நான் அந்தக் கதவையே பார்த்தேன். அக்கா என்று சத்தம் போட்டால் அந்தச் சத்தத்துக்கே கட்டடம் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். முதலில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. அதன்பிறகு கட்டடத்தின் பின்பக்கம் யாரோ முழங்காலை மடிப்பதுபோல மெதுவாகக் கீழே போனது. சத்தம் பிறகுதான் வந்தது. புழுதியில் ஒன்றுமே தெரியவில்லை. மதுரா என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புழுதிக்குள்ளிருந்து இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு வந்தபோது, இருவரும் ஒரே நிறமாக இருந்ததால் எது அக்கா என்று எனக்கு உடனே தெரியவில்லை. பூட்டை உடைக்கப் போனவர்களும் ஒழுங்கையால் தப்பி ஓடிவிட்டார்கள்.

பின்னேரம்தான் அந்தச் செய்தி வந்தது. ஐந்தாம் மாடியில் ஓர் இளம் பெண் இருந்திருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தாராம், உடலைத்தான் எடுத்தார்கள். அக்கா தட்டிய கதவுதான்.

விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா எதையும் மறைக்கவில்லை. மேலதிகாரியிடம் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்பதை அப்படியே சொன்னார். அதன்பின் நிறுவனம் அவரை வைத்திருக்கவில்லை. நாங்கள் புறப்படும் நாளில் மெய் அன்ரி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நீ பொய் சொல்லவில்லை,” என்றார். அக்கா தலையை ஆட்டினார். அந்த வார்த்தை அவருக்குள் இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

சிட்னிக்கு வந்த பிறகும் அக்கா அதே துறையில் வேலை செய்தார். வீடு வாங்குமுன் “அன்ரி, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று கேட்டவர்களுக்கெல்லாம் தன் சனிக்கிழமைகளைக் கொடுத்தார். பிடிக்காத பதில் சொல்ல வேண்டி வந்தாலும் சொன்னார். அதனால் ஒரு குடும்பம் எங்களோடு சில வருடங்கள் பேசாமலும் இருந்தது. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும் நாட்களில் மட்டும் அவர் முகம் தெளிந்திருக்கும். சுற்றிவரக் காடு, உயரமாக ஒன்றுமில்லை என்பார். பரமட்டா நகரத்தில் கட்டுமானப் பாரந்தூக்கிகளின் கீழே நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். வயது போகப் போக அந்தப் பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை.

போன வருடம் நோய் என்று தெரிந்தது. மருத்துவமனையில் எட்டாம் மாடியில் கட்டில் கொடுத்தார்கள். அக்கா நித்திரை கொள்ளவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அக்கா, பயமா இருக்கோ?”

“ஓம். இல்லையெண்டு ஏன் சொல்லுவான்.”

“நோவுக்கோ?”

“நோவுக்கு மருந்து இருக்கு.” கரண்டியைக் கையால் விலக்கினார். “அங்கை அந்தப் பிள்ளையைக் கண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?”

“தட்டினனான் எண்டு சொல்லுங்கோ.”

“ஒருக்காத்தானே தட்டினனான்,” என்றார்.

சில நாட்களில் அக்கா அத்தானின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார்.

நோயின்போது கூட இருந்த தாதியருக்கும், மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்த நண்பர்களுக்கும், அவர்களில் முன்னர் எங்களோடு பேசாமல் இருந்த அந்தக் குடும்பத்துக்கும், மெல்பேர்னிலிருந்து காரோட்டி வந்த உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மூன்று வீட்டு வளவுகளையும் வாங்கி, அடுக்குமாடி கட்டுவதற்காக இந்தக் கோடையில் தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள். அக்காவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அங்கே வேலை செய்தவர்கள் தாமாகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றி வேலியோரம் நின்றார்கள். அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் இயந்திரம் திரும்பவும் ஓடியது. மெல்பேர்னின் கிரான்பர்னிலிருந்து வந்திருந்த மதுரா தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

“சித்தி, இஸ் திஸ் ஹவுஸ் ஓகே?”

வெளியே போய் மேற்பார்வையாளரிடம், இந்த நிலம் அசைகிறதா என்று பார்க்க யார் வருகிறார் என்று கேட்டேன். நல்ல மனிதர், மரியாதையாகவே பேசினார். யாரோ வருவார்கள், கடைசியாக எப்போது வந்தார்கள் என்று தனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. மாநகர சபைக்கு அறிவித்திருக்கிறோம்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தை வீட்டில் செய்யாமல் மண்டபத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பெரியவர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். வீடு சிறியது என்று அப்போது சொல்லிவிட்டோம். உண்மை அதுவல்ல. உங்கள் எல்லோரையும் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார வைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. பொறுத்தருளுங்கள்.

அன்புத் தங்கை
மெரிலேண்ட்ஸ், சிட்னி