ஐந்தரை மணி நேரப் பிசகு

அபயாம்பாளுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் நன்றாக ஓட விடமாட்டாள். மிக்ஸியின் சத்தம் மாறினால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பாள். மாறாவிட்டாலும், மாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு எடுப்பாள். வயது நாற்பத்தொன்பது. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோவிலுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் குடித்தனம். கணவன் கபாலிக்கு மின்வாரியத்தில் வேலை, ஒரே பெண் வெளியூரில் படிக்கிறாள். ஆற அமர உட்கார்ந்து காப்பி குடிக்க எல்லா வசதியும் உண்டு. உட்கார்ந்தால்தானே!

பெருங்குடியில் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷம் புரோகிராம் எழுதிவிட்டு வேலையை உதறியவள். மாமனார் சிராத்தம் நெருங்கினால் கபாலியும் அவன் அண்ணன் தம்பிகளும் போனிலேயே சண்டை போடுவார்கள். ஒருத்தர் திங்கள் என்பார், ஒருத்தர் செவ்வாய் என்பார், மூன்றாமவர் இருவரையும் திட்டுவார். இதற்கா இத்தனை ரகளை என்று ஒரு மத்தியானம் திதிக் கணக்கை அப்படியே புரோகிராமாக எழுதிவிட்டாள். இறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் இருந்த திதியைக் கண்டுபிடித்து, இந்த வருஷம் அது என்றைக்கு வருகிறது என்று ஒரு வாரம் முன்பே போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். சொந்தக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தாள். அவர்களுடைய சம்பந்திகள் கேட்டார்கள், அவர்களுக்காக ஓர் இணையதளமாகவே ஆக்கிவிட்டாள். ஆறு வருஷத்தில் ஆயிரத்து இருநூறு குடும்பங்கள் அதில் சேர்ந்திருந்தன.

சேர்ந்துவிட்டதே, இனியாவது அதை அதன்பாட்டுக்கு விடலாமோ இல்லையோ? விடமாட்டாள். பட்டனை நீலமாக்குவாள், மறுநாள் காவியாக்குவாள். அடுப்பில் தோசை கருகும். அம்மாள் இன்று எத்தனை பேர் தளத்துக்கு வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். "நம்ம ஆத்துல தோசையைத் தவிர எல்லாம் அப்டேட் ஆறது" என்று கபாலி சொல்லிப் பார்த்தான். கேட்டால்தானே.

இந்தச் சமயத்தில்தான் அந்த வாய்ப்பு வந்தது. அமெரிக்காவில் பல ஊர்க் கோவில்களைச் சேர்த்து நடத்தும் ஒரு சங்கம், தன் பன்னிரண்டாயிரம் குடும்பங்களுக்கும் அபயாவின் தளத்தையே தரலாம் என்றது. பேச்சை முடித்துக் கொடுத்தவன் அவள் அக்கா பையன் சாய்சரண். இனி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. பன்னிரண்டாயிரம் பேர் வந்தால் இந்தப் பழைய சர்வர் தாங்குமா என்று அபயாவுக்கு ஒரே அரிப்பு. தாங்கும் என்று சாய்சரண் தலையில் அடித்துக்கொண்டான். அவளோ ஒப்பந்தத்துக்கு மூன்று வாரம் முன்னதாகவே, ஒரு வியாழக்கிழமை, எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றினாள். ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம் என்று காத்திருந்து, மூன்று ஐந்துக்குச் சாமியைக் கும்பிட்டுப் பட்டனை அழுத்தினாள். அந்தப் புது சர்வரின் கடிகாரம் எந்த நாட்டு நேரத்தில் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

ஒப்பந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அபயாம்பாள்ங்கறது நீங்கதானே? நங்கநல்லூர்லேர்ந்து கணேசமூர்த்தி பேசறேன். அம்மா சிராத்தம் நேத்திக்கு நல்லபடியா ஆச்சு. உங்க மெசேஜைப் பார்த்துதான் பண்ணினேன். இப்ப என் தங்கை கோயம்புத்தூர்லேர்ந்து கூப்பிட்டு, சமையல் ஆரம்பிச்சாச்சாண்ணா, இன்னிக்குத்தானே திதிங்கறா. பஞ்சாங்கத்தைக் கையில வெச்சுண்டு பேசறா. நேத்திக்கா, இன்னிக்கா? நீங்க சொன்னா சரிம்மா."

குரலில் கோபமே இல்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"பத்து நிமிஷம் குடுங்கோ மாமா."

பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. அவருடைய அம்மா காலை ஆறு மணிக்குப் போனதாகப் பதிந்திருந்தார். புது சர்வர் அதை நள்ளிரவு பன்னிரண்டரை என்று வைத்திருந்தது. வெளிநாட்டுக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டு, ஒவ்வொருவரின் மரண நேரத்திலும் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துத் தள்ளியிருந்தது. பன்னிரண்டரைக்குத் துவாதசி. ஆறு மணிக்கு அடுத்த திதி, திரயோதசி, பிறந்துவிட்டது. பாவி, இதைக்கூடப் பார்க்காமல் என்ன கிழித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இன்னிக்குத்தான் மாமா திதி. தப்பு என்னோடது. உங்க தங்கை சொன்னதுதான் சரி."

"நேத்திக்குப் பண்ணிவெச்ச வாத்தியார் இன்னிக்குத் தாம்பரம் போயிருப்பாரே," என்றார் கணேசமூர்த்தி. "மத்தியானத்துக்குள்ள நான் யாரைத் தேடுவேன்?"

"நான் தேடறேன்."

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டே ஒன்பது பேருக்குப் போன் போட்டாள். ஒன்பதாவது ஆள், மாட வீதியில் இருக்கும் ஒரு வாத்தியார், முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவரையும் இலையில் உட்கார இரண்டு பேரையும் காரில் ஏற்றி நங்கநல்லூருக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்த்தாள்.

பிறகு கணக்கைச் சரிசெய்தாள். அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் திதி மாறியதால் பிசகியவை இருநூற்றுத் தொண்ணூறு. பெரும்பாலோருக்கு நாள் இன்னும் வரவில்லை, திருத்திவிடலாம். ஆனால் பதினோரு பேர், அவள் அனுப்பிய செய்தியை நம்பி, ஏற்கெனவே ஒரு நாள் முன்னதாகச் சிராத்தத்தை முடித்திருந்தார்கள். அதில் கணேசமூர்த்தி ஒருவருக்குத்தான் இன்று வழி பிறந்தது. மற்றப் பத்துப் பேருக்குச் சரியான நாள் தாண்டியே போய்விட்டது. அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

சாய்சரண் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தான்.

"சித்தி, வெள்ளிக்கிழமை வரைக்கும் மூணே மூணு நாள் வாயை மூடிண்டு இரு. கணக்கைத்தான் சரி பண்ணிட்டியே. அப்புறம் என்ன?"

"பத்துப் பேருடா."

"அந்தப் பத்துப் பேரும் அப்பா அம்மாக்கு ஒழுங்காப் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருக்கா. நீ போன் பண்ணினா அந்த நிம்மதியும் போகும், உன் தளமும் போகும். யாருக்கு லாபம், சொல்லு?"

பயல் பேசியதில் நியாயம் இருந்தது, எரிச்சலே அதுதான். சரி, சும்மா இருந்துதான் பார்ப்போமே என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெப்பக்குளத்தை மூன்று சுற்று சுற்றினாள். கீரைக்காரியிடம் காரணமில்லாமல் சண்டை போட்டாள். நாலாவது சுற்றில் மனம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. இந்தப் பத்துப் பேரும் பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காததற்குக் காரணம், அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. அடுத்த வருஷமும் அப்படியே நம்புவார்கள். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொள்ள அவளுக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, நாள் தவறிப்போனவர்களுக்கு என்ன வழி என்று அந்த மாட வீதி வாத்தியாரிடம் போனில் கேட்டுக்கொண்டாள். வருகிற அமாவாசையில் செய்யலாம் என்றார். பிறகு முதல் எண்ணை அழுத்தினாள். சாய்சரண் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடையாறில் ஒருத்தி அழுதாள். ஒருவர் அமாவாசை என்றதைக் குறித்துக்கொண்டு வைத்துவிட்டார். ஒருவர் எதுவும் கேட்காமல், "எங்கப்பா பேரை உங்க லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்கோ, இப்பவே எடுங்கோ, நான் லைன்ல இருக்கேன்" என்றார். எடுத்தாள். எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் அவர் போனை வைத்தார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துதான் அதிகம் பேசினார்.

"யம்மா, பொழப்பு நேரத்துல கடைய அடைச்சுப்போட்டுல்லா ஐயாவுக்குச் செஞ்சேன்!"

"தப்புதான் அண்ணாச்சி. மன்னிச்சுக்கோங்க."

"எங்க ஐயா உசுரோட இருக்கையில எங்க போனாலும் ஒரு நா முந்தியே போயி உக்காந்திருவாரு. அதனால அவரு கோவிக்கமாட்டாரு. ஆனா நான் கோவிப்பேன். அடுத்த வருசம் உங்ககிட்ட கேக்கமாட்டேன், ஆமா."

பத்துப் பேரையும் முடித்த கையோடு, ஆயிரத்து இருநூறு குடும்பங்களுக்கும் ஒரே செய்தியாக அனுப்பினாள். என்ன தவறு, எப்படி நேர்ந்தது, யார் செய்தது என்று மென்று விழுங்காமல் எழுதி, கீழே தன் பெயரும் எண்ணும் போட்டாள். அதையே அமெரிக்கச் சங்கத்துக்கும் அனுப்பினாள்.

மறுநாளே சங்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. மிகவும் மரியாதையான நாலு வரி. ஒப்பந்தம் இல்லை என்பதுதான் அதன் சாரம். சாய்சரண் அதைப் படித்துவிட்டு, "திருப்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் அப்புறம் போன் எடுக்கவில்லை. வியாழன் மாலைக்குள் நூற்று நாற்பது குடும்பங்கள் விலகிவிட்டன. ஆறு வருஷ உழைப்பைத் தானே நோண்டிக் கெடுத்தாயிற்று, இனி தளத்தையே மூடிவிடலாமா என்று கபாலியிடம் கேட்டாள். "மூடறதா இருந்தாலும் நாளைக்கு மூடு, இன்னிக்குச் சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினான்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் கணேசமூர்த்தி. அவரும் பெயரை எடுக்கச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தளத்தைத் திறந்து அவர் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீங்க அனுப்பின வாத்தியார் வந்து நன்னா பண்ணிவெச்சார்மா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னொண்ணு, என் பையன் நம்பர் ஒண்ணு தரேன், எழுதிக்கோங்கோ."

"எதுக்கு மாமா?"

"எனக்கு எழுபத்திநாலு ஆறது. அவன் இருக்கறது ஆஸ்திரேலியால, திதின்னா என்னன்னு அவனுக்குத் தெரியாது. என் பேருக்கு நேரே அவன் நம்பரைப் போட்டு வெச்சுடுங்கோ. நான் போற நேரத்தை அவன் உங்களுக்குச் சொல்லிடுவான். மத்ததை நீங்க பார்த்துக்கோங்கோ."

"அதுக்கெல்லாம் இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு மாமா."

"இருக்கட்டும். நம்பரை முதல்ல எழுதிக்கோங்கோ. என்னிக்கிருந்தாலும் உங்ககிட்டேர்ந்துதான் அவனுக்கு மெசேஜ் வரணும்."

எழுதிக்கொண்டாள். சரியா என்று இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். அவர் பெயரைத் தளத்தில் ஏற்றப் போனால், இறந்த தேதி இல்லாமல் சேர்க்க முடியாது என்று அது அடம்பிடித்தது. ஆறு வருஷமாக அவளே எழுதி வைத்திருந்த கட்டளை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டளையை மாற்றி எழுதினாள், தேதிக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, கணேசமூர்த்தி, நங்கநல்லூர் என்று பதிந்துகொண்டாள்.