தணிகாசலம் சார் போட்ட சிவப்புக் கோடு

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் பியூனாக இருந்த முனுசாமி ஓடிவந்தார். “டீச்சரம்மா, நம்ம தணிகாசலம் சாரு பூட்டாரும்மா. கோவில்பதாகைல, அவரு ஊட்லதான் வெச்சிகினு கீறாங்க” என்றார். கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, பத்து வருடத்துக் கோபம்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆவடியில் எங்கள் பள்ளியின் ப்ளஸ் ஒன் சேர்க்கையும் அவர் பொறுப்புதான். கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப்புக்குப் பத்தாம் வகுப்பில் நானூறு மதிப்பெண் வேண்டும். பெயர்களை மதிப்பெண் வரிசையில் எழுதி, நானூறுக்குக் கீழே மரஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார்.

ஒருமுறை ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தகப்பன் வந்து கும்பிட்டார். மகனுக்கு மூன்றே மார்க் குறைவு. சார் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். “கோடு போட்டாச்சுங்க. என் புள்ளையா இருந்தாலும் கோட்டுக்குக் கீழதான்” என்றார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். எனக்கோ சாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த வருடம் என் மகள் அருணா 398 வாங்கினாள். அவளுக்கு டாக்டராகும் ஆசை. முதல் குரூப் இல்லாமல் அது நடக்காது. “சார்கிட்ட ஒருதடவை கேளும்மா” என்று கெஞ்சினாள். “அவரு யாருக்கும் வளைஞ்சு குடுக்க மாட்டாருடி. நான் கேட்டா அவருக்குத்தான் சங்கடம்” என்று சொல்லி, நானே அவளை வணிகவியல் குரூப்பில் சேர்த்தேன்.

வகுப்பு தொடங்கிய வாரம், வருகைப் பதிவேடு எழுதுவதற்காகப் பட்டியலை வாங்கினேன். நானூறுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் இடுக்கி எழுதிய ஒரு பெயர். வேறு பள்ளியிலிருந்து வந்த அதிகாரி வீட்டுப் பையன். பெயருக்கு நேரே, அவர் கையெழுத்திலேயே, 386. வேறு யாராவது என்றால் 401 என்று எழுதி மூடியிருப்பார்கள். கணக்கு வாத்தியாருக்கு எண்ணை மாற்ற மட்டும் கை வரவில்லை.

போய்க் கேட்டேன். “லேபுக்கு கேஸ் லைன் போட்டுத் தரேன்னு அவங்கப்பா சொன்னாரு டீச்சர். எல்லாப் புள்ளைங்களுக்கும் நல்லதுதான?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அருணாவுக்கு நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார்.

கேட்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே! அதன்பிறகு அவரிடம் பள்ளி வேலை தவிர வேறு எதுவும் பேசியதில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

சாரின் உடலுக்கு மாலை போட்டுவிட்டு வீடு திரும்பினேன். அருணா அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் டைப்பிஸ்ட். வேலை முடிந்து வந்தவளிடம் செய்தியைச் சொன்னேன். “பாவம்மா. எவ்ளோ நேர்மையான மனுஷன். உன் பொண்ணுக்குக்கூட வளைஞ்சு குடுக்கல பாரு” என்றாள். “ஆமாம்மா” என்றேன்.

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய நல்ல பெயர்தான். பத்து வருடம் என் வீட்டில் அதைக் காப்பாற்றி வைத்திருந்தேன். இனி என்னால் முடியாது. அருணா, நான் கேட்டிருந்தால் உனக்கு இடம் கிடைத்திருக்கும்.