பள்ளம் வெட்டியவர் போட்ட பாதை

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம் நடைக் குழுவின் வாட்ஸப்பில் தனபாலின் குரல் வரும். மறுநாள் காட்டுக்குள் ஈரம் எப்படி, எந்தப் பக்கம் முள் விழுந்து கிடக்கிறது, செருப்பா பூட்ஸா என்பதை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவார். போன மாதம் ஒரு சனிக்கிழமையும் அவர் எண்ணிலிருந்து குரல் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். வழக்கம்போல, கேட்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டு அப்புறம்தான் கேட்டேன். "நான் அவங்க மக கவிதா பேசறேன். அப்பா மத்தியானம் நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே தவறிட்டாங்க. நாளைக்கு நடைக்கு யாரும் வர வேணாம்." சாவுச் செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கியவள் நான். உடனே அழித்தேன், ஆனாலும் உங்களில் நாலைந்து பேர் பார்த்திருப்பீர்கள். தனபால் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வருஷம் என்னை ஓட்டியிருப்பார்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நெடுங்காடு ஊரைத் தாண்டி இன்று நாம் நடக்கிற காடு ஒரு காலத்தில் மண் குவாரி. ரோடு போடவும் வீட்டு மனையை மேடாக்கவும் லாரி லாரியாக மண் போன இடம். குத்தகை முடிந்ததும் பள்ளத்தை மூடி, மேலே புங்கனும் நாவலும் நீர்மருதும் நட்டார்கள். கன்றுகள் மரமாகி நிழல் விழுந்த பிறகு நாம் வந்தோம். எனக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து போகிற கடற்கரையில் நடந்தால் நடையைவிடப் பேச்சுதான் அதிகமாகும் என்று நெரவியிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்தேன். வந்த இடத்தில் தனபாலிடம் மாட்டிக்கொண்டேன்.

அவர் தொழில் மண் தோண்டும் பொக்லைன் இயந்திரம் ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே அரிவாளும் கையுமாக நிற்பார். இந்த நடைபாதையைச் செடி வெட்டி, கல் பொறுக்கி, தனியாளாகப் போட்டவர் அவர்தான். நான் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். பாதைக்கு ஒரு படம் வரைந்து தருகிறேன் என்று நானாகப் போய்ச் சொன்னேன். வரைந்து பார்த்தால் எரிச்சல்தான் வந்தது. காட்டு வாசலிலிருந்து உள்ளே இருக்கும் குளத்துக்கு நேராகப் போக வேண்டிய பாதை, காரணமே இல்லாமல் மூன்று இடத்தில் வளைந்து வளைந்து போனது.

"என்ன தனபால், பாம்பு போன தடம் மாதிரி இருக்கு?" என்றேன்.

"நேராப் போனா சீக்கிரம் முடிஞ்சிடும்க்கா. நடக்கத்தானே வர்றீங்க?" என்றார்.

நான் விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் வளைவை விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே நேராக இறங்கினேன். மனிதர் ஓடி வந்து இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார். "சொன்னாக் கேளுங்க" என்று அதட்டினார். அத்தனை பேர் முன்னால் என்னை அதட்டியது பொறுக்காமல் இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வாட்ஸப்பில் குரல் வந்தது: "வரைபடம் போடற அக்காவ ரெண்டு வாரமாக் காணும். பாதை இன்னும் நேராவல, தகவலுக்காகச் சொல்றேன்." சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட முதல் ஞாயிறு நம் பத்மாவதி டீச்சர் ஒரு மீன்கொத்தியைப் படம் எடுக்கப் பாதையை விட்டுப் பத்தடி தள்ளிப் போனார். தொடை வரைக்கும் பூமி வாங்கிக்கொண்டது. நாங்கள் எல்லாரும் கத்தினோம். தனபால் மட்டும் கத்தவில்லை. ஒரு கிளையை முன்னால் நீட்டிக்கொண்டு ஈர மண்ணில் குப்புறப் படுத்தே நகர்ந்து போனார். "கால இழுக்காதீங்க டீச்சர். கெளயப் புடிச்சிக்கிட்டு அப்படியே என் பக்கம் சாஞ்சு படுங்க." டீச்சர் வந்தார், ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. அந்த வாரமே வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். நாம் இருபது பேர் போயிருந்தோம். அதிகாரி பொறுமையான மனிதர். குவாரியின் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார். பள்ளம் முழுக்க ஒரே ஆழம், ஆறடி என்று அதில் இருந்தது. "ஆறடிக்கு மண்ணு போட்டு நெரப்புனதுன்னா இத்தன வருஷத்துல இறுகியிருக்கும், ஒரு ஆளு தொடை வரைக்கும் போவ வழியே இல்ல. ஆனா போயிருக்காங்க. அப்போ எந்த எடம் உள்வாங்கும்னு யாருக்கும் தெரியாது. நிரந்தரமா மூடறதத் தவிர வேற வழியில்லிங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நம் காடு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது தனபால் எழுந்தார்.

"அய்யா, அந்தப் படம் தப்பு. குவாரியில மெஷின் ஓட்டுனது நான்தான். அனுமதி ஆறடிக்குத்தான். கீழ நல்ல மணலு கெடந்துச்சு. மூணு எடத்துல முப்பதடிக்கு எறக்கினேன். அப்பறம் குப்பையும் சேறும் போட்டு நெரப்பி, மேல மண்ணப் போத்திட்டோம். மத்த எடமெல்லாம் கெட்டியான தரைங்க."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்க, கேஸாயிடும்" என்று கிசுகிசுத்தேன். அவர் உட்காரவில்லை.

"யார் சொல்லிச் செஞ்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"மொதலாளி சொன்னாரு. ஆனா லீவர் என் கையிலதான இருந்துச்சு. பாதைய வளைச்சுப் போட்டாப் போதும்னு இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். போதாதுன்னு டீச்சர் கால் சொல்லிடுச்சு."

எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார்கள். அங்கேயே எழுதிக் கொடுத்தார். அந்தப் பழைய முதலாளியின் மச்சினரிடம்தான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அதிகாரி கொடுத்த பழைய படத்தின் நகலை வைத்துக்கொண்டு, அடுத்த மூன்று நாளும் அவரும் நானும் குழிகளைக் குறிக்கக் காட்டுக்குள் குச்சி நட்டோம். எல்லா மரமும் ஒன்றுபோல வளர்ந்து நிற்கையில் பழைய குழியை எப்படிக் கண்டுபிடிப்பது? தனபால் ஓர் இடத்தில் நின்று, மேற்கே ஒற்றைப் பனையும் அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வரும்வரை நகர்ந்தார், பிறகு வடக்கேயும் அதேபோல் இரண்டு அடையாளத்தை ஒன்றாக்கினார். "என் மாமனாரு கருக்களாச்சேரி மீனவரு. கரையில ரெண்டு அடையாளத்த ஒண்ணாச் சேத்துத்தான் கடல்ல வல போட்ட எடத்தப் புடிப்பாரு. மெஷின் பக்கெட்ட எறக்கறப்ப நானும் அப்படிப் பாத்து வெச்சிக்கிட்டேன்." அவர் காட்டிய மூன்று இடத்திலும் இரும்புக் கம்பி வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. மற்ற எந்த இடத்திலும் இரண்டடிக்கு மேல் இறங்கவில்லை. அதிகாரிகள் அவர்கள் ஆட்களை வைத்து மறுபடி குத்திப் பார்த்தார்கள். தனபால் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்று குழிக்கும் வேலி போட்டு, காட்டை நமக்குத் திறந்துவிட்டார்கள்.

திறந்த பிறகு வெளியூரிலிருந்து ஒரு நடைக் குழு வந்தது ஞாபகம் இருக்கிறதா? "நீங்க யாரு, கைடா?" என்று ஒரு பெண் கேட்டாள். "இல்லம்மா, இந்தப் பள்ளத்தோட ஆபரேட்டர்" என்றார். ஒளிக்காமல், தலையைக் குனியாமல் சொன்னார். எனக்கு அப்போது வந்த பெருமை என் பிள்ளை வேலைக்குப் போன அன்றுகூட வந்ததில்லை. கூலிக்கு அடுத்தவர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் விசாரணைக்கு அலைந்துகொண்டு, ஒரு ஞாயிறு தவறாமல் நமக்கு முன்னால் நடந்தவர் அவர்.

கவிதா, உன் அப்பா மேல் கேஸ் இருந்ததாமே என்று உன் புகுந்த வீட்டில் பேசுகிறார்கள் என்று அழுதாய். ஆமாம், இருந்தது என்று சொல். அவரே எழுந்து நின்று சொன்னதால் வந்த கேஸ் என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி சொல்லப்போவதற்காகத்தான், இந்த அஞ்சலியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் உங்கள் முன்னால் நின்று நானே படிக்கிறேன். அந்தப் பழைய வரைபடத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இருக்கும் சுருக்கொப்பம் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குவாரியை எட்டிக்கூடப் பார்க்காமல், மேசைக்கு வந்த தாளில் போட்டது. அதிகாரி விரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தனபாலின் சட்டையை நான் இழுத்தது அவருக்காக மட்டும் இல்லை. குச்சி நடும்போது அவர் நகலில் அந்த ஒப்பத்தைக் காட்டி, "இது யாருதுக்கா?" என்று கேட்டார். "யாரோ பழைய ஆளு" என்றேன். "பாவம், அவங்களுக்கும் மேல இருக்கறவங்க சொல்லியிருப்பாங்க" என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை. சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

தனபாலிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வது, சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காராத அந்த நிற்பை. நேற்று என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ரிடையராக இன்னும் ஏழு மாசந்தானே இருக்கு, எதுக்கும்மா இப்போ?" என்றார்.

"ஏழு மாசம்தான் இருக்கு சார், அதனாலதான்" என்றேன்.