ஓவர்கோட் என் கையிலிருந்துதான் போனது

மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேட்டில் பதினாலு வருஷம் செக்யூரிட்டியாக நின்றேன். அதற்கு முன்னால் பட்டாளம். கேட்டில் நிற்பவன் உள்ளே போகிற, வெளியே வருகிற எல்லோரையும் சந்தேகப்பட வேண்டும். எனக்கு என்னவோ என்னைத் தவிர வேறு யார்மேலும் சந்தேகம் வந்ததில்லை. காரணம் ஒரு ஓவர்கோட்.

எழுபத்தொன்று யுத்தத்தில் எங்கள் பத்துப் பேர் செக்ஷன் மேற்கு எல்லையில் ஒரு கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் கிடந்தது. டிசம்பர் குளிரில் பல் கிட்டிப் போகும். எங்களுக்கு வந்து சேர்ந்ததோ ஒரே ஒரு ஓவர்கோட். மற்றவை எந்த ஸ்டோரில் தூங்கினவோ தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கோட் யார் தோளில் இருக்கிறதோ அவன்தான் காவல். முறை மாற்றிக்கொள்ள ஹவில்தாரிடம் போய் நிற்க வேண்டியதில்லை, நின்றால் வசவுதான் கிடைக்கும். கோட்டைக் கழற்றி அடுத்தவன் தோளில் போட்டால் வேலை முடிந்தது. எந்தக் காகிதத்திலும் எழுதமாட்டோம்.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு என் முறை. எனக்கு நல்ல காய்ச்சல். சதுரங்கப்பட்டினத்துக்காரன் ஒருத்தன் எங்களோடு இருந்தான், கல்யாணமாகி எட்டு மாதம் ஆனவன். "நீ பட்த்துக்க மச்சான், நான் நிக்கிறேன்" என்றான். நான் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். எட்டு மணி வாக்கில் அவன் நின்ற இடத்தில் பீரங்கி ஷெல் விழுந்தது.

ஊர் திரும்பிய பிறகு அவன் மனைவியைப் பார்த்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று முப்பது வருஷமாக நினைத்தேன். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஒரு தடவை திருக்கழுக்குன்றம் வரை போய், இறங்கி டீ குடித்துவிட்டு, எதிர்ப்பக்க பஸ்ஸில் திரும்பி வந்தேன். பயம்தான், வேறென்ன. அந்த அம்மாள் கையால் இரண்டு அறை வாங்கினால்கூடத் தேவலை என்றிருக்கும், காலையில் எழுந்தால் அந்தத் தைரியம் இருக்காது.

இரண்டாயிரம் தாண்டிய பிறகு எங்கள் பழைய ஹவில்தார் ஆளனுப்பினார். எழுபது வயதுக்கு மேல் ஆகியும் மீசைக்கு மை அடிப்பதை நிறுத்தாதவர். செத்தவனுக்கு முப்பது வருஷம் ஆகிறது, அவன் வீட்டுக்கே போய் மரியாதை செய்துவிட்டு வருவோம் என்றார். செக்ஷனில் இந்தப் பக்கம் மிச்சமிருந்தது மூன்று பேர். ஹவில்தார், நான், செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு வேன் பிடித்தோம். மடியில் மலர் வளையம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அங்கே போய் உடைவதைவிட இங்கேயே உடைத்துவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"பாய், அன்னிக்கு கோட்டு என் கையிலேர்ந்துதான் போச்சு. என் முறைக்கு நின்னுதான் அவன் செத்தான்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா மச்சான் ஒளர்ற? குட்த்தவன் நானு. தொழுதுட்டு வந்துர்றேன், அதுவரிக்கும் நில்லுன்னு நாந்தான் அவன் தோள்ல போட்டேன். தொழுதுகினு இருக்கசொல்லதான் சத்தம் கேட்டுது."

"எட்டு மணிக்கு இன்னா பாய் தொழுகை?"

"அன்னிக்கு லேட்டு. உனுக்கு இன்னா தெரியும்? காய்ச்சல்ல கெடந்தவன் நீ!"

முன்சீட்டில் இருந்த ஹவில்தார் திரும்பவே இல்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு பேரும் வாய மூடுங்கப்பா. அவன் சவரம் பண்ணாம வந்து நின்னான். எக்ஸ்ட்ரா டியூட்டி குடுத்தேன். கோட்ட எடுத்து அவன் மேல வீசினது நான்."

 எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆத்திரம். நான் முப்பது வருஷம் சுமந்த பாவத்தில் இவர்கள் எப்படிப் பங்கு கேட்கலாம்? பிறகு குழப்பம் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் வந்தது அன்றைக்குத்தானா, முந்தின நாளா? "நீ பட்த்துக்க மச்சான்" என்று சொன்னது அவன் குரல்தானா? நான் கொடுத்து, அவன் திருப்பிக் கொடுத்து, பாய் கைக்குப் போய், மறுபடி அவன் தோளுக்கு வந்திருக்குமா? யோசிக்க யோசிக்க அந்தக் கோட் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. பாயும் விரலை மடக்கி மணிக்கணக்குப் போட்டபடி வந்தார். மூன்று பேர் நின்ற ஒரே இடம், மூன்று பேருக்கும் வேறு வேறாக இருந்தது.

சதுரங்கப்பட்டினத்தில் வேனை விட்டு இறங்கியதும் ஹவில்தார் எங்களை வரிசையாக நிறுத்தினார். மலர் வளையத்தோடு தெருவில் அடியெடுத்து வைத்து நடந்தோம். பாய்க்கு முட்டி வலி, எனக்குத் தொப்பை. நாய்கள் குரைத்தன. வாசலில் வந்து நின்ற அந்த அம்மாள், யாரோ ஓட்டு கேட்க வந்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தாராம்.

உள்ளே அவன் படம். யூனிஃபார்மில், இருபத்து நாலு வயதில். எதிரே தலைவாழை இலையில் சோறு, மீன் குழம்பு, அவித்த முட்டை. அன்றைக்கு அவன் திதி. வளையத்தை வைத்து, சல்யூட் அடித்து, இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். மௌனம் முடிந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். நான் காய்ச்சல், பாய் தொழுகை, ஹவில்தார் சவரம். அந்த அம்மாள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இருங்கண்ணா, இருங்க. எனக்கு ஒண்ணும் புரில. யாரு கோட்டா இருந்தா இன்னா? போனவரு திரும்பி வரப்போறாரா?"

அவர் படத்துக்கு முன்னால் இருந்த இலையைக் காட்டினார்.

"நான் ஒண்ணு கேக்கறேன், அத்த சொல்லுங்க. முப்பது வருசமா படையல் போட்டுகினு கீறேன். அன்னிக்குக் காலில அவரு எதுனா துன்னாரா? வெறும் வயித்தோட பூட்டாரோன்னு ஒவ்வொரு தபா எல போட சொல்லவும் நெனைச்சுக்குவேன். கேக்கறதுக்கு ஒரு ஆளு வரல."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஹவில்தார்தான் தொண்டையைக் கனைத்தார். "சாப்ட்டாம்மா. எங்களோடதான். ஏழு மணிக்கு லங்கர் சமையக்கட்டுலேர்ந்து பூரி வந்துச்சு. நாலு சாப்ட்டான்." பாய் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

"பூரியா?" என்றார் அந்த அம்மாள். "அவருக்கு எண்ணெயில சுட்டது ஆவாதே. வாயிலயே வைக்கமாட்டாரே."

ஹவில்தார் தரையைப் பார்த்தார். பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கோட்டின் கனம், அதன் ஈர வாடை, உடைந்த இரண்டாவது பொத்தான் வரை எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்குள் இருந்தவன் பசியோடு இருந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் அதை நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"தெரியல தங்கச்சி" என்றேன். "நான் பாக்கல. நாங்க யாரும் பாக்கல."

அறைவார் என்றுதான் நின்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து படத்துக்கு எதிரிலேயே மூன்று இலை போட்டார்.

"குந்துங்க" என்றார். "நீங்க துன்றத நானாச்சும் பாக்கறேன்."