சத்தி ஊசி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை விதை வெங்காயம் பிடி கட்டியது. உரும்பிராய் வீட்டுத் தாவாரத்தில் அவர் காய்ந்த வெங்காயத் தாள்களைச் சேர்த்துத் தருவார், நான் பிடியாகக் கட்டித் தூக்குவேன். இடையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"தலையிடி வருதோ?" என்றேன்.

"வரட்டும். உதை இறுக்கிக் கட்டு. ஆஸ்பத்திரியிலை குளிசை சுத்துற மாதிரிச் சுத்தி வைச்சிருக்கிறாய்."

பெயர் மகாதேவி. வயது அறுபத்தொன்று. அப்பா இறந்தபின் தோட்டத்தைத் தனியாகச் செய்தவர். இளவயதிலிருந்தே ஒற்றைத் தலையிடி. வெயில் கிளப்பும், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மணம் கிளப்பும். வந்தால் விழுங்கும் குளிசை வயிற்றில் தங்காது. ஊசிதான்.

இரண்டு ஊசிகள் அவருக்குத் தெரியும். ஒன்று தனியார் டிஸ்பென்சரியில் இடுப்பில் போடும் டைக்குளோபெனாக். போடும்போது கடுக்கும். அதனாலேயே அதில் நம்பிக்கை. மற்றது மெட்டோகுளோப்ரமைட். வாந்தியை நிறுத்துவது. நாளத்தில் மெதுவாக ஏற்றினால், வாந்தி இல்லாவிட்டாலும் ஒற்றைத் தலையிடியைத் தணிக்கும். ஆய்வுகள் இருக்கின்றன. நான் ஆஸ்பத்திரி மருந்தாளர், வாசித்திருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வாந்திக்குச் சத்தி என்று பெயர், அதனால் அது சத்தி ஊசி.

போன வருடம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தாதி சொன்னாள்:

"அம்மா, கையை நீட்டுங்கோ. சத்தி ஊசி ஒண்டு போடவேணும்."

அம்மா கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு எங்கை பிள்ளை சத்தி? தலையெல்லோ இடிக்குது. சத்தி எடுக்கிற ஆளைப் பாத்துப் போடு."

"உது தலையிடிக்கும் கேக்கும் அம்மா" என்றேன்.

"நீ சம்பளம் எடுக்கிற இடம். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

கட்டிலை விட்டு இறங்கினார். ஓட்டோ நேரே டிஸ்பென்சரிக்குப் போனது.

"மகாதேவியக்கா, வழமையானதுதானே?" என்றார் டொக்டர்.

"அம்மாவுக்கு வயித்தெரிவு இருக்கு. உந்த ஊசியை அடிக்கடி போட்டால் வயிறு புண்ணாகும்" என்றேன்.

"தம்பி, நீர் மருந்து எடுத்துக் குடுக்கிற ஆள். குடுத்துக்கொண்டு இரும்."

அம்மாவும் சிரித்தார். சிறிது நேரத்தில் தலையிடி குறைந்தது. அந்த ஊசியும் கேட்கும். கேட்காமல் இருந்திருந்தால் அவரை மறித்திருக்கலாம்.

பிறகு எனக்குச் சொல்லாமல் போனார். மாதத்தில் ஒருமுறை போனவர் கிழமைக்கு இருமுறை போகத் தொடங்கினார். வலிமருந்து கூடினால் தலையிடியும் கூடும். அதை நான் சொல்ல அவர் கேட்கவில்லை. சொல்லவேண்டியவர் சொல்லவில்லை.

வெங்காயம் கட்டிய பின்னேரமும் டிஸ்பென்சரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் சத்தி எடுத்தார். தலையிடியோடு வரும் சத்திதானே என்று படுத்திருந்தார். நான் வேலையால் வந்தபோது வாளியில் இருந்தது கோப்பித்தூள் மாதிரிக் கறுப்பு. இரைப்பையிலிருந்து வந்த இரத்தம்.

அம்புலன்சில் என் கையைப் பிடித்தார். "இப்ப உன்ரை ஊசியைப் போடச் சொல்லு, தம்பி. இப்ப எனக்குச் சத்தி."

இரத்தம் ஏற்றினார்கள். விடியுமுன் இறந்தார்.

செத்தவீட்டுக்கு டொக்டர் வந்தார். "அல்சர் இருந்திருக்கு. ஒருத்தரும் சொல்லேல்லை" என்று என்னிடமே சொன்னார். நான் எழுந்து பந்தலுக்கு வெளியே போனேன். நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் பக்கத்து வீட்டுத் தர்சினி வேலியடிக்கு வந்தாள். அவளுக்கும் அதே தலையிடி.

"மாமி என்னைத் தன்ரை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன் எண்டவ, அண்ணை. அதுக்குள்ளை இப்பிடி ஆச்சுது. அந்த டிஸ்பென்சரி எந்தச் சந்தியிலை எண்டு சொல்லுங்கோவன், நான் தனியப் போறன்."