காலால் மிதிக்க வேண்டாத கார்

மலர்விழி அக்காவின் தங்கை சுதாவின் போன் வந்தபோது இலுப்பூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். "அக்கா போயிருச்சு" என்றார். மூச்சுத்திணறல் என்று முந்தைய நாள்தான் அக்காவை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் ஏற வேண்டிய அன்னவாசல் பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போனது.

அக்காவும் நானும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் எதிரே நிற்பவர் குரலை உயர்த்தினால் எனக்குப் பேச்சு வராது. இளம்பிள்ளை வாதத்தில் நடக்க முடியாமல் போன அக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "எந்திரிச்சு வந்து குடும்மா" என்று பிரின்ட் வாங்க வந்த ஒருவர் அதட்டினார். "எந்திரிக்க முடிஞ்சா எப்பவோ எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க இங்கிட்டு வாங்க" என்றார் அக்கா. வந்தவர் சிரித்துவிட்டார். பரிதாபப்பட்டுப் பேசுகிறவர்களிடம் மட்டும் அக்கா சிரிக்க மாட்டார்.

சுதாவின் மகள் யாழினிக்கும் கால்களில் பலமில்லை. காதுகுத்துக்குக் கோயில் வரை அவளே வண்டி ஓட்டி வர வேண்டும் என்று அக்கா முடிவெடுத்தார். கடையில் விற்கும் குழந்தைக் கார்கள் காலால் மிதித்தால்தான் ஓடும். அக்காவின் பழைய பேட்டரி ஸ்கூட்டரோ கைப்பிடியில் இருக்கும் விசையை விரலால் அழுத்தினால் ஓடும்; விரலை எடுத்தால் தானே நின்றுவிடும். புது ஸ்கூட்டர் வந்ததும் பழையதைப் பிரித்துப் போட்டார். மோட்டார், பேட்டரி, கைப்பிடி மூன்றையும் வெல்டிங் கடையில் அடித்த சட்டத்தில் பொருத்தி, மேலே தகரம் வளைத்துச் சிவப்புப் பெயின்ட் பூசினோம். நட்டு முறுக்கியதெல்லாம் நான்.

முதல் ஓட்டத்தில் யாழினி விசையை அழுத்தியதும் கார் பின்னால் போய்க் கோழிக்கூட்டில் முட்டியது. மோட்டாரைத் திருப்பி மாட்டியிருந்தோம். இன்னொரு தடவை அப்படியே போக வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். "பின்னாடி இழுக்கத்தான் ஊர்ல ஆளு இருக்கே. நீ முன்னாடி போடி" என்றார் அக்கா.

இழுக்க ஆள் வரவும் செய்தார்கள். பிள்ளையைத் தூக்கி வந்தால் போதாதா, ஊரே பார்க்க வேண்டுமா என்றார்கள் உறவினர்கள். சுதாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால், அவருடைய சித்தப்பா மகன் தாய்மாமனாக மடியில் வைத்துக் காது குத்துவதாகவும் பேசி முடித்திருந்தார்கள். அக்கா யாரிடமும் கேட்கவில்லை. காதுகுத்து அன்று சீர்த்தட்டை என் கையில் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னார். பின்னால் யாழினியின் கார், அதன் பின்னால் அவருடைய ஸ்கூட்டர். கோயிலில் இறங்கித் தரையில் கையூன்றி நகர்ந்து போய், மாமனுக்காக விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பொம்பளை உக்காருற எடமில்லம்மா அது" என்றார் ஒரு பெரியவர்.

"கூடப் பொறந்தவ நான் இருக்கேன். எனக்குக் கால்தான் நடக்காது, மடி இருக்கு. புள்ளையக் கொடுங்க."

சுதா பிள்ளையைத் தூக்கி அந்த மடியில் வைத்தார். ஆசாரி குனிந்து காதைத் தொட்டார்.

அக்காவின் நினைவுக்காகக் கூடியிருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாழினியைச் சேர்க்கப் போன பள்ளியில், காரை உள்ளே விட மாட்டோம், தினமும் யாராவது தூக்கி வந்து உட்கார வையுங்கள் என்கிறார்கள். திங்கட்கிழமை சுதாவோடு நானும் போகிறேன். யாழினி காரில்தான் வருவாள். அந்த ஜமுக்காளத்தில் அக்கா உட்கார்ந்த விதத்தைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பள்ளி வாசலில் பேசப்போவது நான்.